தண்ணீருக்கு மட்டும்

29 ஆகஸ்ட் 1988, திங்கள்

பீகார் நிலநடுக்கத்தில் பிழைத்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் குப்பையை அனுப்புகிறார்கள். கொடுத்துவிட்டு, பேப்பரில் பேர் வருமா என்று கேட்கிறார்கள். இன்று என் கையில் வந்தது, ஐந்து வருடம் முன்பே காலாவதியான இருமல் மருந்து. பாதி குடித்தது. மூடியில் எறும்பு.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், மீன்கூடை அடுக்கும் கிடங்கில் நிவாரணக் குழு நடக்கிறது. பார்மசி டிப்ளமா முடித்து இரண்டு வருடமாக வேலையில்லை. சும்மா இருப்பதற்கு இதையாவது செய் என்றார் அப்பா. பிரான்சிலிருந்து வந்த மருந்துகளின் பேரைப் படிக்க அங்கே ஆள் இல்லை. கன்னியர் பள்ளியில் நான் கற்ற ஐந்து வருடப் பிரெஞ்சுக்காகக் குழுச் செயலாளர் சக்கரபாணி சார் மின்விசிறிக்குக் கீழே மேஜை கொடுத்திருக்கிறார்.

படித்தால் — உடம்பு இளைக்க மாத்திரை. சோறு இல்லாதவனுக்கு!

31 ஆகஸ்ட்

மத்தியானம் சாக்குமேல் கண்ணயர்ந்தேன். தரை மெல்ல ஆடியது, கட்டுமரத்தில் படுத்த மாதிரி. பயமே இல்லை. நிலநடுக்கத்தில் இடிந்த தர்பங்காவில் நடந்துகொண்டிருந்தேன். நான் வேறு ஊரே பார்த்ததில்லை. அதனால் அதுவும் எங்கள் தெருவாகவே இருந்தது. சுவர்கள் மட்டும் இல்லை. அவரவர் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, இல்லாத ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்கள்.

காசிலிங்கம் அண்ணன் எழுப்பினார். மில்லில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர். இங்கே பெட்டி கட்டுகிறார். "என்னாம்மா கமலவேணி, பூகம்பம் வந்தாகூட எழுந்திரிக்க மாட்ட போலருக்கே."

2 செப்டம்பர், வெள்ளி

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் இருசப்பன் ஐயா வந்தார். ஊரே அவரை சொல்தா என்றுதான் கூப்பிடுகிறது; பிரெஞ்சில் சிப்பாய். மகன் பாரிசிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் தகர டப்பாவை மேஜைமேல் வைத்தார். இருநூறு மாத்திரை. குடத்துக்கு ஒன்று போட்டால் தண்ணீர் சுத்தமாகும்.

"மத்மசேல், இத வாயில போடக்கூடாது. தண்ணில போட்டு அரை மணி நேரம் வுடணும். சொல்லி அனுப்பு."

"டப்பாலயே போட்ருக்குங்க. எனக்குப் படிக்கத் தெரியும்." கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன்.

"ஒனக்குத் தெரியும். அங்க தெரியணுமே."

இடிந்த சுவருக்குத் தப்பியவனைக் குடிக்கிற தண்ணீர் கொல்லும். கிணற்றில் சாக்கடை கலந்திருக்கும். பேதி வரும், டைபாய்டு வரும். இத்தனை குப்பையில் இது ஒன்றுதான் மருந்து. இருபது குடும்பத்துக்குப் போகட்டும் என்று பத்துப் பத்தாகக் கவரில் பிரித்தேன். அடகுக்கடை மார்வாடியிடம் 'தண்ணீருக்கு மட்டும், விழுங்காதே' என்று இந்தியில் எழுதி வாங்கி, அதைப் பார்த்து இருபது சீட்டு எழுதினேன். எழுதினேன் என்றா சொல்வது? வரைந்தேன். நாளை உள்ளே போட்டு ஒட்ட வேண்டும்.

3 செப்டம்பர்

லாரிக்கு மாலை. போட்டோகிராபர். சண்டை.

இளைக்கும் மாத்திரையையும் பெட்டியில் வைக்கச் சொன்னார் சக்கரபாணி சார். "அதத் தூக்கிப்போட்டா குடுத்தவரு என்னா நெனைப்பாரு?"

"முழுங்கறவன் என்னா நெனைப்பான் சார்?"

"வாய அடக்கும்மா. லாரி நிக்குது."

கோபத்தோடு மேஜைக்குத் திரும்பினேன். மிச்சம் நூறு கவராவது இருக்கும். ஒட்டினேன், எழுதினேன், பெட்டியில் திணித்தேன். டிஸ்பென்சரியில் பயிற்சி எடுத்த கை, அதுவாகவே எழுதிக்கொண்டு போனது: 1-0-1, 1-0-1. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. நாற்பத்திரண்டு பெட்டி. இளைக்கும் மாத்திரையை மட்டும் சாக்கடையில் கொட்டிவிட்டேன்.

4 செப்டம்பர்

கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். எங்கோ இருநூறு குடம் வரிசையாக, ஒவ்வொன்றாகத் தெளிந்துகொண்டே போயின.

5 செப்டம்பர்

மேஜையைத் துடைத்தேன். பேப்பர் வெயிட்டுக்கு அடியில் சீட்டுகள்.

இருபதும்.

அப்போ கவர்மேல என்னா எழுதனேன்? அந்தத் தண்ணி மாத்திரைக் கவரையும் சேத்து — எழுதிட்டேன். இருபதுலயும் எழுதிட்டேன். 1-0-1. முப்பத்தொண்ணாம் பெட்டி. நானேதான் வச்சேன்.

இந்தி வேண்டாம், பிரெஞ்சு வேண்டாம். எண் எல்லோருக்கும் புரியும்.

6 செப்டம்பர்

மெட்ராசில் சனிக்கிழமையே ரயிலில் ஏற்றிவிட்டார்களாம். தர்பங்கா முகாமுக்குத் தந்தி கொடுத்தேன்: பெட்டி 31, வெள்ளைக் கவர், தண்ணீருக்கு மட்டும், விழுங்க வேண்டாம், பதில் தருக.

குழுவுக்கு வரும் டாக்டரிடம் கேட்டேன். "ஒண்ணு ரெண்டுன்னா வயித்தெரிச்சல், வாந்தி. ஏற்கெனவே பேதில கெடக்கற கொழந்தைன்னா..." என்று நிறுத்திவிட்டு ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டினார்.

விழுங்கியவனுக்கும் கேடு. தண்ணீரும் அப்படியே இருக்கும்.

14 செப்டம்பர்

பதில் இல்லை. இரண்டாவது தந்தியும் போட்டாயிற்று.

இப்போதெல்லாம் பகலில் கண்ணை மூடினாலே அந்தத் தெரு. சுவரில்லாத வீட்டில் ஒரு பொம்பளை, மடியில் பிள்ளை. உள்ளங்கையில் வெள்ளையாக ஒன்று. அவள் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். என் கையெழுத்து. "காலையில ஒண்ணா?" என்கிறாள், நம் தமிழிலேயே. வாயைத் திறக்கிறேன். தரை ஆடுகிறது.

29 ஆகஸ்ட் பக்கத்தைப் படித்தேன். எவ்வளவு அழகான கோபம். அந்த எறும்பு மருந்தைக் குடித்து யாரும் சாகப்போவதில்லை.

21 செப்டம்பர்

மார்க்கெட்டில் சொல்தா எதிரே வந்தார், கையில் வஞ்சிர மீனோடு.

"நம்ம டப்பா போய்ச் சேந்துதா?"

"சேந்துதுங்க."

"சொல்லி அனுப்பனியா?"

ஆமாம் என்றேன். "மெர்சி" என்று தொப்பியைத் தொட்டார். எனக்கு.

10 அக்டோபர்

தர்பங்காவிலிருந்து நன்றிக் கடிதம். டைப் அடித்தது. நாற்பத்திரண்டு பெட்டிகளும் வினியோகிக்கப்பட்டனவாம்.

"பாத்தியா? ஒரு கம்ப்ளெயின்ட் கெடையாது" என்றார் சக்கரபாணி சார்.

"செத்தவன் கம்ப்ளெயின்ட் எழுதுவானா சார்?"

காசிலிங்கம் அண்ணன் கயிற்றைக் கீழே வைத்தார். "பொட்டி கட்டனது நாந்தான். என்னயும் சேத்துக்கம்மா."

21 ஆகஸ்ட் 1989, திங்கள்

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையின் மருந்தறையில் வேலை. ஆறு மாதம் ஆகிறது. கவர்மேல் எண் எழுதுவதில்லை. வாயால் சொல்கிறேன், திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். "மேடம்கிட்ட மாத்திரை வாங்கறதுக்குள்ள ஷிப்டே முடிஞ்சிரும்" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

தர்பங்கா முகாமுக்கு நான் போன மாதம் அனுப்பிய பதிவுத் தபாலுக்கு, பெற்றுக்கொண்டதாக அட்டை மட்டும் வந்தது. இந்தியில் ஏதோ எழுதியிருந்தது. மார்வாடியிடம் ஓடினேன். "வெறும் கையெழுத்தும்மா" என்றார்.

இன்று நான்காவது கடிதம். இருபது சீட்டுகளில் ஒன்றை அதோடு வைத்து ஒட்டினேன். எழுதியது இவ்வளவுதான்:

பெட்டி எண் 31. இருபது வெள்ளைக் கவர்கள். எழுதியவள் நான். யாரிடம் கொடுத்தீர்கள்? பெயர்களை எழுதுங்கள்.