வெளியுறவுக் கொள்கை, ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்

ஆனி 2, திங்கள்
காலையிலிருந்து தூறல். அங்கன்வாடிக்கு ஒன்பது பிள்ளைகள்தான்.

ஆலங்காயம் நூலகத்தில் எடுத்த தடிப் புத்தகத்தை ஆரம்பித்தேன். வெளியுறவுக் கொள்கை. நூலகர், "பரீட்சைக்கா படிக்கிறீங்க?" என்றார். ஆமாம் என்று பொய். எண்ணெய்க் கப்பலில் சமையல்காரராக இருக்கிற என் வீட்டுக்காரர் போகும் கடலில் சண்டை வருமா என்று பார்க்க எடுத்தேன் என்று எப்படிச் சொல்வது.

இருபது பக்கம். புரிந்தது மூன்று.

ஆனி 3
புரியாத சொற்கள்: இறையாண்மை, தடுப்பாற்றல், செல்வாக்கு மண்டலம்.
புரிந்தது: நீரிணை. இரண்டு நிலத்துக்கு நடுவே ஒடுங்கிய கடல். வீட்டுக்காரர் கப்பல் அதற்குள்தான் போக வேண்டும்.

கோபத்தில் இருக்கும் நாடு அங்கே ஒன்றிரண்டு கப்பலை அடிக்குமாம். போர் இல்லையாம் அது, 'சமிக்ஞை'யாம். பக்கம் 88. அந்த ஒன்றிரண்டு கப்பலில் சமையற்கட்டு இருக்காதா?

புத்தகத்தை மூடி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

ஆனி 4
ஜீப் ஓட்டும் கோவிந்தன்: "கடல்ல கப்பல் ஒண்ணு எரியுதாம்க்கா. போன்ல பாத்தேன்."
"எந்தக் கப்பலு?"
"பேரு போடல."

டவர் கிடைக்கும் பாறைக்கு ஓடினேன். அவர் போனுக்குப் பதினான்கு முறை அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது, அணைத்து வைக்கப்பட்டுள்ளது. மாமியாரிடம் சொல்லவில்லை.

ஆனி 5
சாமை விதைக்க ஆள் வரவில்லை. போனும் இல்லை. சோறு இறங்கவில்லை.

புத்தகத்தை மறுபடி எடுத்துக் கடைசிவரை புரட்டினேன்; நாடுகள் வெளியே மிரட்டிக்கொண்டே உள்ளே பேசும் என்று ஓரிடத்தில் இருக்கிறது. அந்த வரியையே நாலு முறை படித்தேன்.

அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவன் இருக்கிற எடம் அதுல எங்க கீது?"
வரைபடத்தைக் காட்டினேன். விரல் வைத்துப் பார்த்தார்.
"இவ்ளோ குறுக்கலா?"
எரிந்த கப்பல் பற்றி அவருக்கு நேற்றே தெரியுமாம். நான் பயப்படுவேன் என்று சொல்லவில்லையாம்.

ஆனி 6, வெள்ளி
பாறையில் நிற்கும்போதே போன் வந்தது. அவர்தான்! எரிந்தது வேறு கப்பல். இவர்களுடையது துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. நாளை நீரிணைக்குள் போகிறது. போக விருப்பம் என்று கையெழுத்து கேட்கிறார்களாம், வேண்டாம் என்றால் இறங்கலாம்.

"எல்லாரும் போட்றாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

பதினோரு வருஷத்தில் என்னை இப்படிக் கேட்டதில்லை.

"போவாதீங்க மாமா. எறங்கிடுங்க. நான் புக்குல படிச்சேன்."
"புக்கா? இன்னா புக்கு?"
"பெரிய நாடுங்க எப்டி யோசிக்குதுன்னு போட்டுக்கீது. ஐந்நூறு பக்கத்துல ஒரு எடத்துலகூட உங்கள மாதிரி ஆளு வரல மாமா. அதான் பயமா கீது."

"சரி" என்றார். அழுதேன், சத்தமாக.

ஆனி 8
இறங்கிவிட்டார். கரையில் ஓர் அறையில் இருக்கிறார், டிக்கெட் போடும்வரை. அத்தை கற்பூரம் ஏற்றினார்.

கப்பல் நேற்றுக் காலையே கிளம்பிவிட்டது. சமையலுக்கு வேறு ஒருவர். பெயர் என்ன என்று கேட்டேன்.

"தெர்லம்மா. நான் ஏணில எறங்குறேன், அவரு ஏறுறதுக்கு கீழ படகுல நிக்கிறாரு. என் பைய வாங்கி வச்சாரு."

அந்தக் கப்பல் நீரிணையைத் தாண்டியதா என்று இன்னும் செய்தி பார்க்கவில்லை.