முள் கிழிசல்

செஞ்சி
24-11-1964

அன்பு மகள் மீனம்பாளுக்கு நைனா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் தையல் மிஷினும் சுகமாக இருக்கிறோம், மழைக்காலம் என்பதால் மிஷினுக்கு மட்டும் கால் கொஞ்சம் முனகுகிறது, எண்ணெய் விட்டால் அடங்கிவிடுகிறது, எனக்கு அந்த வைத்தியமும் பலிக்கவில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு டியூட்டிக்கு ஓடாமல், நல்லபடியாக இருக்க வெங்கட்ரமணர் துணை. ஐந்து நாளாக ராஜகிரி கண்ணுக்குத் தெரியவில்லை. மேகம் வந்து மலைமேல் உட்கார்ந்தது, எழுந்திருக்க மனசில்லை போலிருக்கிறது. கடையிலிருந்து பார்த்தால் கோட்டைச் சுவர் பாதி உயரம் ஏறிப் போய் வெள்ளையில் கரைந்துவிடுகிறது, அதற்கு மேலே மலை இருக்கிறதா இல்லையா என்று சத்தியம் பண்ண முடியாது. ஊரே பஞ்சுக்குள் வைத்துத் தைத்த மாதிரி சத்தமில்லாமல் கிடக்கிறது. மிதித்துக்கொண்டே தூங்கிப்போய், தனகோட்டி சட்டைக்குப் பையை முதுகில் வைத்துவிட்டேன். அவன் மாட்டிப் பார்த்துவிட்டு, ‘இன்னா டைலரே, நான் பீடி எடுக்கணும்னா பின்னால ஒரு ஆள வெச்சிக்கணுமா?’ என்று கேட்டான். பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. வழக்கம்போல் உன் அம்மாவை எதிரில் உட்காரவைத்துப் படித்தேன். எட்டாவதை இரண்டு வருஷம் படித்தவன் ஆதலால் உரக்கப் படிப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு என்பது உனக்குத் தெரியும். ஆனால் இரண்டாம் பக்கத்துக்கு நடுவில் வந்ததும் சில வரிகளைத் தாண்டி, புதுக்குடை வாங்கினேன் என்று நீ எழுதிய இடத்துக்குக் குதித்துவிட்டேன். தாண்டியது எதுவென்று நீயே அறிவாய். படக் கம்பெனியில் டான்ஸ் ஆடும் பெண் ஒருத்தியைக் காரில் கொண்டுவந்து உங்கள் நர்சிங் ஹோமில் விட்டுப் போனதும், மாடிப்படியில் விழுந்தாள் என்று டாக்டர் கேஸ் தாளில் எழுதியதும், அதற்குக் கீழே நீயும் கையெழுத்துப் போடவேண்டும் என்று மேட்ரன் அம்மாள் இந்த வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருப்பதும். படியில் விழுந்த காயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் நைனா, இது அது இல்லை என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் எழுதவில்லை. தகப்பனுக்கு அதற்கு மேல் ஒரு பெண் எப்படி எழுதுவாள். எனக்கும் அதை உரக்கப் படிக்க வாய் வரவில்லை. அன்றைக்கே தபாலாபீசுக்கு ஓடி ஒரு கார்டு வாங்கி, பெரியவர்கள் காட்டின இடத்தில் கையெழுத்துப் போடு, சினிமாக்காரர்கள் சமாசாரம் நமக்கெதற்கு, பார்த்து நடந்துகொள் என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, பெரிய காரியம் சாதித்தவனைப் போல ஒரு டீயும் குடித்துவிட்டு வந்தேன். அந்தக் கார்டு இதற்குள் உன் கையில் இருக்கும். அதைக் கிழித்துப் போடு.

என்ன நடந்ததென்றால், ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாள், ‘அவ ரெண்டு பக்கம் எழுதிக்கிறா, நீ படிச்சது ஒன்னே முக்கா பக்கம். மீதி கா பக்கம் எங்கய்யா போச்சி?’ என்று. இங்க் கொட்டி அழிந்திருக்கிறது என்றேன். ‘இங்க் கொட்டுனா எங்கண்ணுக்குத் தெரியாதா, எனுக்குப் படிக்கத்தான் தெரியாது, பாக்கத் தெரியும், எடு காயிதத்த’ என்றாள். எடுத்துப் படித்தேன். எந்த வார்த்தைக்கும் அவள் முகம் மாறவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, ‘கோட்டையில படம் புடிக்க வந்தப்போ ஒரு மஞ்ச ரவிக்க வந்துதே, அது மாரிதானே இதுவும்?’ என்று கேட்டாள். எனக்கு மிஷின் மேல் இருந்த கால் அப்படியே நின்றுவிட்டது. ஒன்பது வருஷமாக அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய், அந்தப் பத்து நாளும் உனக்கு ஞாபகம் இருக்கும். கல்யாண மகாலைச் சுற்றி வெள்ளிக் காகிதம் ஒட்டின பலகைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பாறை மேலெல்லாம் இன்னொரு சூரியன் ஓடியது. ராஜா கிரீடத்தோடு பீடி பிடித்தார், சேனாதிபதி குதிரைக்குப் பயந்து மரத்துக்குப் பின்னால் நின்றார். எனக்குத் தினமும் விழித்துக்கொண்டே கனவு காண்கிற மாதிரி இருந்தது. அவர்கள் தையல்காரனுக்குக் காய்ச்சல் என்று என்னை மிஷினோடு கோட்டைக்கு அழைத்துப்போய்ப் புளியமரத்தடியில் உட்காரவைத்தார்கள். ஆறாம் நாள் காலை, கம்பெனி மேனேஜர் ஒரு மஞ்சள் ரவிக்கையைக் கொண்டுவந்து, டான்ஸ் ஆடுகிற பெண் மலையேறும்போது முள் கிழித்துவிட்டது, பத்து மணிக்கு ஷாட், தைத்தது தெரியக்கூடாது என்றார். மீனம்பா, முள் கிழித்தால் சின்னதாகக் கொக்கிபோல் கிழித்து, இழையோடு கொஞ்சம் ஓடி நின்றுவிடும். இது தோள் தையல் முழுக்கப் பிரிந்து, முன்பக்கக் கொக்கிகள் துணியோடு பிய்ந்து வந்திருந்தது. கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முந்தின சாயங்காலம் படமுதலாளி தங்கியிருந்த பங்களாவுக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பியதைச் சமையல்காரரிலிருந்து டான்ஸ் மாஸ்டர் வரை அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். அன்றைக்குக் காலையில் எல்லாரும் வழக்கத்துக்கு மேலே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு எதற்கு என்று எனக்கு விளங்காமல் இல்லை.

அந்தப் பெண்ணே வந்து, போர்வீரன் வேஷக்காரர் ஒருவருடைய போர்வையைச் சுற்றிக்கொண்டு, என் எதிரில் கல்லின் மேல் உட்கார்ந்தாள். இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும், இப்போது உனக்கு இருக்கிற வயசு. தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். குடித்துவிட்டு, ‘மேனேஜரு இன்னான்னு சொல்லிக் குடுத்தாருண்ணே?’ என்று கேட்டாள். முள் கிழித்துவிட்டது என்று சொன்னார் என்றேன். ‘நீங்க இன்னா நெனைக்கிறீங்க?’ என்றாள். மிஷினை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம். அவள் பேர் என்ன என்றாவது கேட்டிருக்கலாம். நான் தலை நிமிராமல், ‘இந்த மலையில முள்ளு ஜாஸ்தி, பாத்து நடம்மா’ என்றேன். அவள் போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள். தோளை அங்கேயே முடித்து, கொக்கி வைக்க ரவிக்கையை வீட்டுக்கு உன் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பி வாங்கினேன். மேனேஜர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘பலே, கெட்டிக்காரன்யா நீ’ என்று முதுகில் தட்டினார். மறுநாளே எனக்கு ஒரு ஈட்டியும் தலைப்பாகையும் கொடுத்துப் போர்வீரர் வரிசையில் நிற்கவைத்தார்கள். எதற்காக என்று எனக்குத் தெரியாதா என்ன, தெரிந்துதான் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

அந்தப் படம் டூரிங் டாக்கீஸுக்கு வந்தபோது உங்கள் இருவரையும் சாயங்கால ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேனே, என் முகம் குதிரை வாலுக்குப் பின்னால் மறைந்து ஈட்டி மட்டும் தெரிந்ததற்கு நீ எத்தனை நாள் சிரித்தாய். அந்த டான்ஸும் வந்தது. மூன்றாம் வரிசையில் அவள் ஆடினாள், சிரித்துக்கொண்டே ஆடினாள், மஞ்சள் ரவிக்கை திரையில் வெள்ளையாகத் தெரிந்தது. தையல் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. உன் நைனா விசில் அடித்தான் அம்மா.

உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை கேட்டாள், ‘தோளு நீ தெச்ச, கொக்கி நான் வெச்சேன், எந்த ஊரு முள்ளுய்யா கொக்கியப் புடிச்சி இழுக்கும்?’ என்று. அப்போதே ஏன் சொல்லவில்லை என்றேன். ‘நீ கேக்கலியே’ என்றாள். அடுத்த கொக்கியை எடுத்துக்கொண்டே, ‘கேட்டிருந்தாலும் இன்னா சொல்லிருப்பேனோ’ என்றாள். வெளியே தெருவும் தெரியாமல் மேகம் இறங்கியிருந்தது.

எனக்கு இந்த மழைநாளில் மத்தியானத் தூக்கத்தில் ஒரே கனவு வருகிறது. மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு ராஜகிரி ஏறுகிறேன். படியெல்லாம் துணி, மிதிக்க மிதிக்கப் பிரிகிறது. உச்சியில் அந்தப் பிளவுக்கு மேல் பாலம் இருக்கிறதே, அதற்கு அந்தப் பக்கம் மேகத்துக்குள் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிடலாம் என்றால் பேர் தெரியாது. தோள் பதின்மூன்றரை, கை ஏழு என்று அளவைச் சொல்லிக் கத்துகிறேன். கேட்பவர் யாராவது இருந்தால் சிரிப்பார்கள். அவள் திரும்புவதில்லை.

திங்கட்கிழமை காலை போஸ்ட்மாஸ்டர் அரங்கநாதனிடம் போய், போட்ட கார்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். ‘பெட்டியில போட்டா அது சர்க்கார் சொத்து வீராசாமி, அதுவும் சனிக்கிழமையே திண்டிவனம் போயிடுச்சி’ என்றார். அதனால்தான் இதை மல்லாட்டை மண்டி பக்ருதீன் பாயிடம் கொடுக்கிறேன், நாளைக்கு முதல் பஸ்ஸில் சென்னைக்கு வருகிறார், உன் கையிலேயே தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

டாக்டர் எழுதியதை உன்னால் அழிக்க முடியாது, அது எனக்கும் தெரியும். உன் கையெழுத்து உன்னுடையது. அதைப் போடாதே. நான் பார்த்ததை நானே எழுதுகிறேன், அதற்குக் கீழே போடுகிறேன் என்று மேட்ரன் அம்மாளிடம் சொல். அதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் போய்ப் பக்கத்தில் உட்கார். என்ன எழுதலாம் என்று அவளைக் கேள், வேண்டாம் என்றாலும் அதுவும் அவள் வாயால் வரட்டும். உனக்கு வேலை போகலாம். போகட்டும் என்று இங்கே உட்கார்ந்து எழுதுவது சுலபம், உன் வெள்ளை உடுப்பை என் கையால் தைத்து, அதைப் போட்டுக்கொண்டு நீ நின்ற போட்டோவைச் செஞ்சி முழுக்கக் காட்டித் திரிந்தவன் நான். வல்லத்துக்காரர்கள் தை மாதம் பெண் பார்க்க வருகிறார்கள், மெட்ராசில் உத்தியோகம் என்பதற்காகத்தான் வருகிறார்கள். அதையும் உன் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். ‘அவன் உத்தியோகத்தக் கட்டிக்கப் போறானா, பொண்ணக் கட்டிக்கப் போறானா’ என்று கேட்டுவிட்டுக் கொக்கி வைக்கப் போய்விட்டாள். வேலை போனால் பஸ் ஏறி வா. யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம்.

நேற்று பழைய அளவு நோட்டுகளைத் தேடி எடுத்தேன். அந்தத் தேதியில் என் கோணல் எழுத்தில், மஞ்சள் ரவிக்கை, தோள் பதின்மூன்றரை, கை ஏழு, முள் கிழிசல் என்று இருக்கிறது. யாரும் எழுதச் சொல்லவில்லை, நானாகவே முள் என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட்டு, முள் அல்ல, ஆள் கிழித்தது என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். ஒன்பது வருஷம் கழித்து எழுதி யாருக்கு என்ன லாபம் என்று கேட்காதே. உனக்கு வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.

வறுத்த மல்லாட்டை ஒரு பையில் வைத்திருக்கிறேன், வேர்க்கடலை என்று சொல்லிக் கூட இருக்கிற பெண்களுக்கும் கொடு. இந்தக் கடிதம் முழுவதையும் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அவள் விரல் வைத்து வரி எண்ணிக்கொண்டே கேட்டாள், ஒன்றையும் தாண்டவில்லை. வெங்கட்ரமணரும் நாங்கள் இரண்டு பேரும் உன் பக்கத்திலேயே நிற்கிறோம் என்று நினைத்துக்கொள். வழக்கமாகக் கடைசியில் பார்த்து நடந்துகொள் என்று எழுதுவேன், இந்தத் தடவை எழுதவில்லை. ஒன்றே ஒன்று மறக்காதே, அந்தப் பெண்ணின் பேரைக் கேட்டு எனக்கு எழுது. அளவு மட்டும் தெரிந்து பேர் தெரியாதவள் ஒருத்தி எனக்குப் போதும்.

இப்படிக்கு,
உன் நைனா
கோ. வீராசாமி, டைலர்