பதினாறு கிராம் ஒட்சிசன்

இன்று காலை பதுளை பஸ் நிலையத்தில் மொனராகலை பஸ் புறப்படத் தயாராக நின்றது. அதன் டீசல் புகை மூக்கில் ஏறியதும், சேர், நாம் இருவரும் அந்த பஸ்ஸில் போன ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய் இரண்டு வருடமாகிறது. அந்த நாளின் பதற்றம் மட்டும் இன்னும் தணியவில்லை.

அப்போது உயர்தரப் பரீட்சைக்கு ஐந்து நாட்கள் இருந்தன. மடுல்சீமைப் பாடசாலையில் நான் பௌதிகவியல் படிப்பித்தேன். உயிரியல் படித்த உங்களிடம், ஆளில்லாத குறைக்கு இரசாயனவியலையும் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தீர்கள்.

“டீச்சர், சிரிக்காதீங்க. பதினாறு கிராம் ஒட்சிசன் வாயுல எத்தனை மூல் மூலக்கூறு இருக்கு?”

“அரை மூல், சேர்.”

உங்கள் முகம் வெளுத்துவிட்டது. “நான் பிள்ளைங்களுக்கு ஒரு மூல்னு எழுதிக் குடுத்துட்டேனே.”

மூல் என்பது துகள்களை எண்ணும் ஓர் அளவு. ஒட்சிசன் அணுக்களை எண்ணினால்தான் பதினாறு கிராம் ஒரு மூல். வாயுவில் அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து மூலக்கூறுகளாக இருக்கின்றன. அப்போது ஒரு மூலுக்கு முப்பத்திரண்டு கிராம் வேண்டும். எதை எண்ணுகிறோம் என்று பார்க்காமல் விட்டதில் வந்த பிழை.

“ஒரு கேள்விதானே சேர்?” என்றேன்.

“வாயுக் கணக்கு பூரா இதுலதான் நிக்குது. ஆறு பிள்ளைங்களும் நான் சொன்னத நம்பித்தான் பரீட்சைக்குப் போகுதுங்க.”

சனிக்கிழமை மழையில் தோட்டக் குடியிருப்புகளில் லயம் லயமாக நடந்து ஐந்து பேரைப் பார்த்தீர்கள். கோகிலா மட்டும் மொனராகலையில் சித்தி வீட்டில் இருந்தாள். தொலைபேசித் தொடர்பு கிடைக்கவில்லை. மறுபடியும் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் ஞாயிறன்று என்னையும் அங்கே கூட்டிப் போனீர்கள். பஸ்ஸில் வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தீர்கள்: “அணுன்னா பதினாறு, மூலக்கூறுன்னா முப்பத்திரண்டு. சரிதானே டீச்சர்?” எத்தனை தடவை சரி என்றாலும் திரும்பவும் கேட்டீர்கள்.

எங்களைக் கண்டதும் கோகிலா வாசலிலேயே உறைந்து நின்றாள். “சேர், வீட்ல யாருக்கும் ஏதாச்சுமா?”

“ஒன்னும் இல்லம்மா. நான் ஒரு கணக்கத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்.”

அவள் உள்ளே போய்க் கொப்பியை எடுத்து வந்து விரித்தாள். உங்கள் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால், சின்னதாக, ‘அரை மூல்?’ என்று எழுதியிருந்தது.

“அப்பவே சந்தேகமா இருந்துச்சு சேர். கேக்கப் பயமா இருந்துச்சு.”

திரும்பி வந்து பதுளையில் இறங்கும்போது சொன்னீர்கள்: “தப்பு வந்தது கூடப் பெருசில்ல டீச்சர். அந்தப் பிள்ள என்னைக் கண்டு பயந்திருக்கு.”

கோகிலா இரசாயனவியலில் நல்ல பெறுபேறு எடுத்தாள். உங்களுக்குப் பிறகு அந்தப் பாடம் என்னிடம் வந்தது. மூல் பாடம் நடத்தும் நாளில் “விளங்குதா?” என்று கேட்கிறேன். வகுப்பு மொத்தமாகத் தலையாட்டினாலும் நான் அதை நம்புவதில்லை. சோக்கட்டியை வைத்துவிட்டு, மேசை மேசையாகப் போய் ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் குனிந்து, மெதுவாகத் திரும்பக் கேட்கிறேன்.