அறுக்கக் கூடாத மீ

அக்கா,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு போன மாதம் அம்மாவோடு மண்ணுக்குள் போய்விட்டது.

இன்று ரேஷன் கடையில் அரிசி இல்லையென்று கோதுமை மாவு போட்டார்கள். வீட்டுக்கு வந்தால், கொல்லையில் பாத்திரம் துலக்க என் மனைவி சாம்பலை நனைத்து வைத்திருந்தாள். கையில் மாவு, மூக்கில் ஈரச் சாம்பல். நீ வந்துவிட்டாய்.

யுத்தம் நெருங்குகிறதென்று மச்சான் உன்னைப் பினாங்கிலிருந்து கப்பலேற்றினார். அடுத்த கப்பலில் வருகிறேன் என்றவருக்கு அடுத்த கப்பல் இல்லாமல் போயிற்று. நீ கணியம்பாடி வீட்டில் காத்திருந்தாய். காத்திருந்த ஞாயிறுகளில் எல்லாம், அங்கே பக்கத்து வீட்டுச் சீனக்காரம்மா கற்றுக்கொடுத்த மீ என்னும் கோதுமை இழைச் சாப்பாட்டைச் செய்தாய்.

புளியங்கட்டைச் சாம்பலைக் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்து மாவில் விடுவாய். வெள்ளை மாவு மஞ்சளாகும். பிசைந்து, எண்ணெய் தடவி, கயிறு போலச் சுருட்டி மூடிவைப்பாய். நாங்கள் மாதா கோவிலிலிருந்து திரும்பும்போது கொதிக்கும் உலைக்கு முன்னால் நின்று இரண்டு கையாலும் அதை இழுத்துக்கொண்டிருப்பாய். ஒரு தட்டுக்கு ஒரே இழை. அதன்மேல் கோழிச் சாறு, பூண்டு சிவந்த நல்லெண்ணெய். சீனர்களின் கறுப்புச் சாறு இங்கே கிடைக்காததால் புளியும் கருகக் காய்ச்சிய வெல்லமும்.

"இன்னாடி இது, கெணத்துக் கவுறாட்டம் வந்துக்கினே கீது?" என்றாள் அம்மா முதல் நாள்.

"உறிஞ்சும்மா. நடுவுல அறுக்காத. அறுத்தா ஆயுசு அறுந்துடும்னு அங்க சொல்வாங்க."

"எனக்குப் பல்லே இல்லியே. தைரியமா போடு."

கடைசித் தட்டு மச்சானுக்கு. அதை மூடிவைத்து, நாங்கள் எழுந்த பிறகு நீயே சாப்பிடுவாய். "அவரு பங்க நான் துன்றேன். எங்க கீறாரோ, அங்க பசியாறட்டும்" என்பாய். நீ அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த இழை அறாதவரை அவர் உயிரும் அறாது என்று நம்பினாய்.

அண்ணனுக்கு அந்தத் தட்டு உறுத்தியது. அமிர்திக் காட்டில் மரம் வெட்டும் குத்தகைக்காரர் ஒருவர், மனைவியை இழந்தவர், ஞாயிறுதோறும் விருந்துக்கு வரத் தொடங்கியிருந்தார். அவரோடு கூட்டுச் சேர அண்ணனுக்கு ஆசை. வந்தவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டதில்லை. உன்னைப் பார்த்தே சாப்பிட்டார். நீ விதவை என்று ஊர் ஒப்புக்கொள்வது ஒன்றுதான் பாக்கி.

அந்த ஞாயிறு பூசையில் சாமியார் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும்போது மச்சானின் பெயரையும் வாசித்தார். நீ திரும்பி அண்ணனைப் பார்த்தாய். அவர் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயரைக் கொடுத்தது அவர்தான் என்று எனக்கும் அப்போதே தெரிந்துவிட்டது.

அன்று அடுப்பு எரியாது என்று நினைத்தேன். நீ வழக்கம்போல இழுத்தாய், வழக்கம்போல அந்தத் தட்டை மூடிவைத்தாய். குத்தகைக்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். அண்ணன் எழுந்து மூடியைத் தூக்கினார்.

"செத்தவனுக்கு இன்னாத்துக்குச் சோறு?"

மூலையிலிருந்த அரிவாள்மனையைக் காலால் இழுத்து, ஈரமும் ஆவியுமாக இருந்த அந்த இழையைக் கொத்தாகப் பிடித்து அலகில் வைத்து அழுத்தினார். துண்டுகள் தரையில் விழுந்தன.

"முடிஞ்சுது. ஒத்துக்கோ."

"அவரு உயிரோட கீறாரு அண்ணா."

"பேப்பர்ல போட்டானா?"

"செத்துட்டார்னு மட்டும் உன் அருவாமனையில போட்டானா?"

குத்தகைக்காரர் சாப்பிடாமல் எழுந்து போனார். பிறகு வரவேயில்லை. நீ அதன்பின் மாவைத் தொடவில்லை. மழைக்காலத்தில் மலைக்காய்ச்சல் வந்தது. நாங்கள் கொடுத்த கொயினா மாத்திரைகள், உன்னை அடக்கத்துக்குத் தூக்கிய பிறகு தலையணைக்கு அடியில் கிடந்தன.

யுத்தம் முடிந்து மச்சான் வந்தார், அக்கா. எலும்பும் தோலுமாக வாசலில் நின்று உன்னைக் கேட்டார்.

"நீங்க செத்துட்டீங்கன்னு அவளே பூசை வெச்சா. வேற கல்யாணம் பேசிக்கினு இருக்கசொல்ல காய்ச்சல்ல போய்ட்டா" என்றார் அண்ணன். குரல் தடுமாறவில்லை.

நான் வாய் திறக்குமுன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "மாப்ள கையில அரிவா எடுத்துட்டா இன்னா பண்ணுவ? நான் கண்ண மூடுற வரிக்கும் பேசாத." நகம் பதிந்த இடம் நெடுநாள் வலித்தது. நான் வெளியே வந்தபோது வாசல் காலியாக இருந்தது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை அவர். எந்த ஊருக்குப் போனாரென்று எவ்வளவு விசாரித்தும் தெரியவில்லை. எங்கே இருந்தாலும், நீ அவரை உயிரோடு புதைத்தவள் என்று நம்பிக்கொண்டிருப்பார்.

இன்று சாம்பல் நீர் விட்டு நானே பிசைந்தேன். என் கையில் இழை நீளவில்லை. முழங்கைக்கு வருமுன் அறுந்தது. அறும்போதெல்லாம் அந்த அலகின் சத்தம் கேட்டது. உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதுதான்.

அண்ணன் அதே வீட்டில், அதே கோவிலின் முதல் வரிசையில் இருக்கிறார். இந்த உறையின்மேல் உன் பெயரையும் அந்த வீட்டு விலாசத்தையும் எழுதிவிட்டேன். தபால்காரன் வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். அண்ணன்தான் எழுந்து வர வேண்டும்.

உயிரோடிருந்தவரைச் செத்தவராக்கிய வீட்டுக்குச் செத்தவள் பெயரில் தபால் வரட்டும். கையெழுத்தை அவர் கண்டுகொள்ளலாம், கொள்ளாமலும் போகலாம். காலையில் பெட்டியில் போட்டுவிடுவேன். கீழே என் பெயர் இருக்காது.