பின்பக்கமாய்ப் போகும் படகு

1985 ஜூன் 9

பஞ்சர்கேசன் இன்று அப்பாவைப் பஞ்சராக்கிவிட்டார். (டாக்டர் பஞ்சாபகேசன்தான். டயர் கடைக்காரர் மகன் வேறு எப்படிக் கூப்பிடுவான்?) மூச்சு வாங்குகிறது என்று காட்டப் போனால், ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறதாம், எடையும் ஏறியிருக்கிறதாம், அதனால் அப்பா வண்டியில் ஏறக்கூடாதாம். தினமும் நடக்க வேண்டும். போன வருஷம் பெரியப்பா கல்லாவில் உட்கார்ந்தபடியே சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்த நினைப்பில் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் கொஞ்சம்.

சாயங்காலமே நடக்கக் கிளம்பினார். காளவாசல் முக்கைத் தாண்டுவதற்குள் லாரிக்காரர், ஆட்டோக்காரர், பால்காரர் என்று ஆளுக்கொரு பிரேக். "என்னண்ணே, புல்லட் ரிப்பேரா? ஏறுங்கண்ணே!" கடைசியில் பால் வண்டியில் ஏறித்தான் வீடு திரும்பினார்.

"தவசி வண்டிய வித்துட்டான்னு நாளைக்கே பேசிருவாய்ங்க. நடக்குறதெல்லாம் நமக்கு ஆகாதுப்பா" என்றார் அப்பா.

ஜூன் 12

வீட்டுக்குள் படகு வந்துவிட்டது!

மாற்றலாகிப் போகிற ஒரு மில் மேனேஜர் வீட்டுச் சாமானெல்லாம் விற்றாராம். அதில் இது. ரோயிங் மெஷின். "உக்காந்த எடத்துலயே நடந்த மாதிரி" என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. ட்ரைசைக்கிளில் துண்டு துண்டாக வந்து இறங்கியது: நீளமாக ஒரு இரும்புத் தண்டவாளம், அதில் ஓட சக்கரம் வைத்த சீட்டு, கால் வைக்க இரண்டு பலகை, இரண்டு துடுப்புக் கம்பி, கம்பிக்கு ஒன்றாக எண்ணெய் நிரப்பிய குழாய். எதை எதில் மாட்டுவது என்று சொல்கிற புத்தகம் மட்டும் வரவில்லை.

கடையிலிருந்து சோணை அண்ணனைக் கூப்பிட்டோம். லாரி டயரை ஒற்றை ஆளாகக் கழற்றுகிறவர். பின்னறையில் அரிசி மூட்டைகளைத் தள்ளி இடம் பண்ணி, மத்தியானம் முழுக்க முடுக்கினார். அப்பா பயபக்தியோடு ஏறி உட்கார்ந்தார். கால் பலகை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"ஏண்ணே, படகுல துடுப்புப் போடுறவன் எந்தப் பக்கம் பாத்து உக்காருவான்?" என்று சோணை அண்ணன் அப்பாவைக் கேட்டார்.

வைகையில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களிடம் கேட்கிற கேள்வியா இது? நான்தான் சினிமாவில் பார்த்ததை வைத்துச் சொன்னேன். அவன் முதுகு இருக்கிற பக்கமாகத்தான் படகு போகும். சோணை அண்ணன் எல்லாவற்றையும் கழற்றித் திருப்பி மாட்டினார்.

காப்பி கொண்டுவந்த அம்மா நின்று பார்த்தாள். "அப்ப எங்க போறோம்னு பாக்காமயேதான் போறதா?"

அப்பா காப்பியை வாங்கிக் குடித்துவிட்டுத் துடுப்பைப் பிடித்தார்.

ஜூன் 14

தெப்பக்குளத்தில் விடவேண்டியதை அப்பா தொப்பைக்குளத்தில் விட்டிருக்கிறார். கடையில் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டி ரீட்ரேடிங், வீட்டில் டயர்டு ஆனவருக்கு ரீட்ரேடிங். இழுத்தால் 'கிர்ர்', விட்டால் 'புஸ்ஸ்'. யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது.

ஜூன் 25

படகு கரை ஒதுங்கியது. துடுப்பில் இன்று அப்பாவின் பனியன் காய்கிறது.

ஜூலை 4

ஒரு விஷயம் சரியில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்னறைக்குப் போனேன். காலையில் துடுப்பில் தொங்கிய பனியன் மூட்டை மேல் மடித்து இருந்தது. தண்டவாளத்தில் புதுசாகத் தேங்காய் எண்ணெய். குழாயைத் தொட்டேன். சுட்டது. அப்பா காலையிலேயே திருமங்கலம் போய்விட்டார், இன்னும் வரவில்லை.

பெரியப்பாவோ? உயிரோடு இருந்தபோது ஒரு நாள் குனிந்து நிமிராத மனுஷன், செத்த பிறகா உடற்பயிற்சி செய்யப் போகிறார்? எழுதும்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது. அந்த அறையில் நின்றபோது இல்லை.

ஜூலை 8

அரை நாள் லீவு. பின்வாசல் வழியாகப் பூனை மாதிரி வந்தேன். கிர்ர். புஸ்ஸ்.

அம்மா!

சேலையை முழங்காலுக்குச் சொருகிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்திருக்க வேண்டும். ஒரு மாசத்துக்குக் காணும், அவ்வளவு நல்ல கேலி. ஆனால் அவள் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. இரண்டு இழுப்புக்கு ஒரு தரம் நிறுத்தி, வாயைத் திறந்து மூச்சைத் தேடினாள்.

"எம்மா, என்னாம்மா பண்ற?"

பதறிப்போய் சேலையை இறக்கினாள். பேச்சு வர நேரமானது. ரொம்ப நாளாகவே மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். அப்பாவுக்கும் மூச்சு வாங்கியபோது டாக்டர் உடற்பயிற்சிதானே சொன்னார், அதே வைத்தியத்தை அவளும் செய்துகொள்கிறாளாம்.

"அப்ப நீயும் டாக்டர்ட்ட போ."

"வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்டா. ஒங்க அப்பா இருக்குற இருப்புல நானும் படுத்தா அவரு தாங்குவாரா? ஆஸ்பத்திரி வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

என் கையை இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள். "மிஷின்ல ஏறுனது, மூச்சு வாங்குறது, ரெண்டையும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

தலையில் அடித்த சத்தியம். மீறினால் யார் தலைக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. பண்ணிவிட்டேன்.

ஜூலை 9

இன்றும் சத்தம் கேட்டது. திண்டுக்கல் ரோட்டில் லாரி ஏற்றம் ஏறுவதைப் பற்றி ஒரு ஜோக் யோசித்தேன். வரவில்லை.

ஜூலை 17

விடியக்காலையில் எழுந்தால் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். நாலு நாளாக இப்படித்தான். படுத்தால் இருமல், மூச்சு முட்டுகிறதாம். அப்பா கேட்டால் கொசுக்கடி என்கிறாள். கொசு என்ன உட்கார்ந்தவர்களைக் கடிக்காதா? அப்பா அதையும் நம்புகிறார்.

மத்தியானம் மறுபடி கிர்ர், புஸ்ஸ். முன்னைவிட இடைவெளி விட்டு விட்டு. எங்கே போகிறாள் என்று அவளுக்கும் தெரியாது. முகம் எனக்கு, முதுகு அந்தப் பக்கம்.

ஜூலை 28

உசிலம்பட்டியிலிருந்து சீனியம்மாள் அத்தை வந்திருக்கிறது. அப்பாவின் அக்கா. பல்லி கத்தினால்கூட எதற்கு என்று பலன் சொல்லும்.

மனசு சரியில்லாததால் பழைய தொழிலுக்குத் திரும்பினேன். சீட்டில் நைலான் நூல் கட்டி, ஜன்னல் வழியாக விட்டு, அத்தை அரிசி அள்ளப் போனபோது மெதுவாக இழுத்தேன். சீட்டு தானாக நகர்ந்தது. அத்தை போட்ட கூச்சல் ஆனையூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

"அண்ணன்தான்! எங்கண்ணந்தான் வந்து உக்காந்திருக்கான்! தம்பியக் கூப்புட வந்திருக்கான்!"

நூலைக் காட்டினேன். சிரித்தேன். அப்பா பெல்ட்டைத் தேடினார். ஆனால் அத்தை சிரிக்கவில்லை. நூல் கட்டியது நான்தானாம், கட்டத் தோன்ற வைத்தது யாராம்?

ஆடி 18

தாலிக்கயிறு மாற்றுகிற நாள். மஞ்சள் பூசிய காலோடு அம்மா மணையில் உட்கார்ந்தாள். அத்தை குனிந்து பார்த்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டது.

"அன்னக்கொடி! மெட்டி எங்கடி?"

விரலில் மெட்டி இல்லை. வெள்ளை வளையமாகத் தடம் மட்டும் இருந்தது.

"கழுவும்போது வழுக்கி விழுந்திருச்சு மதினி."

"விழுகுற பொருளாடி அது? புருசன் இருக்கையில எவடி மெட்டியக் கழட்டுவா? அன்னைக்கி மிஷின் ஆடுச்சு, இன்னைக்கி மெட்டி போச்சு. ஏய்யா தவசி, ஒனக்கு என்னமோ வரப்போகுதுய்யா!"

அப்பாவின் முகம் வெளிறியது. கை தானாக இடது மார்புக்குப் போனது. சோணை அண்ணன் ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தார். எல்லோருமாக அப்பாவைத் தாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனார்கள். அம்மா மணையிலிருந்து எழ முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும்தான் இருந்தேன்.

"காலைக் காட்டும்மா."

"போடா."

காட்டினாள். மஞ்சளுக்கடியில் பாதம் பொதபொதவென்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். மாவில் அழுத்திய மாதிரி குழி விழுந்தது. குழி அப்படியே இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படியே இருந்தது.

மெட்டி இறுகி விரல் கறுத்ததால் சோப்புப் போட்டுக் கழற்றினாளாம். அரிசிப் பானையில் கிடக்கிறது.

மறுநாள்

அப்பாவுக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். குதிரை மாதிரி இருக்கிறாராம். வீட்டில் பாயசம். பாயசம் கிண்டியவள் யார் என்று யாரும் பார்க்கவில்லை.

நான்தானே நூலை இழுத்து எல்லோர் கண்ணையும் அப்பா பக்கம் திருப்பியது? டேய் பால்பாண்டி, ரொம்பத்தாண்டா கிழிச்சிட்ட.

ஆகஸ்ட் 6

சத்தியத்தைத் தொடாமல் சுற்றிப்போய்ச் சொல்லிப் பார்த்தேன். "அப்பா, அப்படியே அம்மாவையும் ஒரு தடவ டாக்டர்ட்ட காட்டுனா என்ன?"

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்ப எதுலடா நூலு கட்டியிருக்க?"

ஆகஸ்ட் 7

நான் சொன்னால்தானே சத்தியம் மீறியது? நான் சொல்ல மாட்டேன். ஸ்டெதஸ்கோப் சொல்லட்டும்.

ஆகஸ்ட் 8

காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தேன். நடிப்புக்கு நூற்றுக்கு நூறு. அப்பா கடையில். தனக்கென்றால் ஆஸ்பத்திரிப் படியை மிதிக்காதவள் எனக்கென்றதும் செருப்புக்கூடப் போடாமல் ஆட்டோவை நிறுத்தினாள்.

டாக்டர் கிளினிக் மாடியில். அதை நான் யோசிக்கவில்லை. பாவி, அதை நான் யோசிக்கவே இல்லை. படியில் அவள் என்னைத் தாங்கவில்லை, நான்தான் அவளைத் தாங்கினேன். பாதியில் உட்கார்ந்துவிட்டாள். "நீ ஏறுடா, நான் வாரேன்." வயிற்றுவலிக்காரன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு நுழைவதை டாக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

என்னைப் படுக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். "மொதல்ல எங்கம்மாவுக்கு வச்சுப் பாருங்க. வலிக்கலைன்னு அம்மா சொன்னாத்தான் எனக்கு."

"மீசை மொளைக்கிற வயசுல என்னடா இது?" சிரித்துக்கொண்டே, எனக்கு வேடிக்கை காட்ட, குழாயை அம்மாவின் நெஞ்சில் வைத்தார்.

சிரிப்பு நின்றது. வேடிக்கைக்கு வைத்த குழாயை அவர் எடுக்கவில்லை. இடம் மாற்றி வைத்தார். கண்ணை மூடினார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். காலை அழுத்திப் பார்த்தார்.

"சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்துதாம்மா?"

"வந்துச்சு. பாவாட கட்டுற வயசுல."

"இப்ப ஏதாவது கனமான வேலை பண்றேளா?"

அம்மா சேலைத் தலைப்பைத் திருகினாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். சத்தியம் பண்ணிய கை.

அம்மாவே சொன்னாள், அழுகிற குரலில்: "துடுப்புப் போட்டேன் சார். அவருக்கு எழுதிக் குடுத்த வைத்தியந்தான."

டாக்டர் போனை எடுத்துக் கடைக்குப் பேசினார்.

ஆகஸ்ட் 9

அந்தச் சின்ன வயசுக் காய்ச்சலால் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக் கிடக்கிறதாம். மெட்ராஸில் ஆபரேஷன் செய்து விரிக்க வேண்டும். நல்லபடியாக வரும் என்று டாக்டர் சொல்லவில்லை. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு இழுப்பும் அவளை அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது.

"டியூப்பு வால்வு மாதிரியா டாக்டர்?" என்று அப்பா கேட்டார்.

"கிட்டத்தட்ட."

வேறு நாளாக இருந்தால் நான் இதை விட்டிருப்பேனா?

வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவின் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏன் புள்ள சொல்லல? ஏன் சொல்லல?" அம்மா, "நீங்க பயந்துருவீங்கள்ல" என்றாள்.

ஆகஸ்ட் 21

மெட்ராஸ் ரயில். அப்பாவும் கூடப் போகிறார். ஜன்னல் வழியாக அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். "சத்தியத்தக் காப்பாத்திட்டடா, திருட்டுப்பயலே."

காப்பாற்றினேனா? வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். சாமி இந்த மாதிரிச் சாக்குப்போக்கையெல்லாம் ஏற்குமா? ரயில் போனபிறகுதான் இதைக் கேட்கத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 30

கடிதம் இல்லை.

செப்டம்பர் 2

மத்தியானம் தந்தி வந்தது.

வாங்கியது சோணை அண்ணன். பிரிக்கவில்லை. வாசலிலேயே நின்றார், உள்ளே வர மாட்டேன் என்றார். தந்தி என்றதும் அத்தை தலைமுடியை அவிழ்த்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். பிரிக்கும் முன்னாலேயே எங்கள் வீட்டில் ஒப்பாரி ஆரம்பித்துவிட்டது.

நான் பிடுங்கிப் பிரித்தேன். இங்கிலீஷ். படித்தேன். மறுபடி படித்தேன். "ஆபரேஷன் முடிஞ்சிருச்சாம்! நல்லா இருக்காங்களாம்! அப்பா அடிச்சிருக்காரு!"

யாரும் நம்பவில்லை.

"வெளையாடாதடா பாண்டி." சோணை அண்ணன் குரல் உடைந்தது. "இதுலயுமாடா வெளையாடுவ?"

"அண்ணே, சத்தியமாண்ணே!"

அத்தை இன்னும் உரக்க அழுதது. பிள்ளை வலி தாங்காமல் கதை கட்டுகிறானாம்.

சோணை அண்ணன் சைக்கிளில் என்னை உட்காரவைத்து டாக்டரிடம் மிதித்தார். வழியில் எனக்கே சந்தேகம் வந்தது. இங்கிலீஷில் நான் எப்போது பாஸானேன்? 'ஓவர்' என்றால் ஆபரேஷன் முடிந்தது என்றா, இல்லை ஆளே முடிந்தாள் என்றா? கையில் இருந்த காகிதம் வியர்வையில் நனைந்தது. திரும்பப் பார்க்கத் தைரியம் இல்லை.

டாக்டர் வாங்கிப் படித்தார். முதலில் எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அன்னக்கொடி பேசறா. கவலை வேண்டாம். தவசி."

சோணை அண்ணன் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

"இன்னொரு தடவை படிங்க டாக்டர்" என்றேன்.

படித்தார்.