பைக்கு அடியில் இருந்த இரும்பு முள்

டிக்கி அப்பா,

உருளைக்கிழங்கு வேக வெச்சிருக்கேன். சாவி அடுப்பு மாடத்துல.

மடத்துத் திருவிழாவுக்கு வெள்ளைக்காரங்களைக் கூட்டிட்டுப் போறேன்னுதானே சொன்னீங்க? வழிக்கு பார்லி மாவு வைக்கலாம்னு உங்க பையைத் திறந்தா, அடியில பனியில ஏற பூட்ஸுல மாட்டுற இரும்பு முள்ளு ஒரு ஜோடி! உங்க தம்பியைப் பனிச்சரிவு மூடின அன்னிக்கு, இனி சிகரம் ஏற மாட்டேன்னு லாமா முன்னாடி சத்தியம் பண்ணினது யாரு?

அந்த ஜோடியில ஒண்ணை எடுத்துக்கிட்டு யாக் மாட்டுப் பட்டிக்குப் போறேன். வேணும்னா அங்க வந்து என் மூஞ்சியைப் பார்த்துக் கேளுங்க.

— யாங்ஜி

கம்பளி போட்டுக்கிட்டு வாங்க, காத்து கொல்லுது.

“கையில என்னம்மா?”ங்கறா டிக்கி. அவளுக்கும் நீங்களே சொல்லுங்க.