மூக்கில் இல்லாதது

ஜனவரி 12, திங்கள்

மழை. சனிக்கிழமை தொடங்கியது, விடவில்லை. கல்லடிப் பாலத்தில் காற்று குடையைத் திருப்பிவிட்டது. நனைந்தபடியே வேலைக்கு.

வாங்க: சவர்க்காரம், குசினிக்கு பல்ப், சீனி. சீனி அரைக் கிலோ போதும். இவர் இருந்தால் ஒன்று வேண்டும்.

லேபில் சுவாப் குவிந்து கிடந்தது. எல்லாம் மூக்குக்குள் விட்டு எடுத்த குச்சிகள். காய்ச்சல் காலம். வைரஸ் மேசைக்கு நானும் பாஹிமாவும் மட்டும். பாஹிமா காத்தான்குடியில் இருந்து ஸ்கூட்டியில் வருகிறவள், என்னைவிடப் பத்து வயது இளையவள், வாய் ஓயாது.

ஆறாம் வோர்ட்டில் ஒரு மீன்பிடிகாரர். கல்லடிக் கடற்கரைப் பக்கம். ஒன்பது நாள் காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, எக்ஸ்ரேயில் நெஞ்சு வெள்ளை. மூக்குச் சுவாப் நெகட்டிவ்.

போன மாதம் இதே வோர்ட், இதே எக்ஸ்ரே, இதே நெகட்டிவ். அது இவருடையது, என் வீட்டுக்காரருடையது. இரண்டு முறையும் மெசினில் போட்டது நான். ரிப்போர்ட்டில் கையொப்பமும் நான். முப்பத்தொன்றாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. இதை எழுதும்போது ஏதாவது தோன்ற வேண்டும். தோன்றவில்லை.

பாஹிமா: “அக்கா, தின்னுட்டு வாங்க. வெறும் வயித்தோட மெசினப் பாத்துக்கிட்டு இரிக்காதீங்க. அது ஒண்டும் ஓடிப்போகாது.”

பாண் ஒரு துண்டு. பருப்பு.

ஜனவரி 13, செவ்வாய்

மழை. முற்றத்தில் தண்ணீர். ஒரு செருப்பைக் காணவில்லை.

VP, எங்கள் பெரிய டொக்டர், லேபுக்குத் தானே இறங்கி வந்தார். காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. மீன்பிடிகாரர் விசயம்.

“ஒன்பது நாளாச்சு. இனி மூக்கில என்ன இருக்கப்போகுது? கீழ இறங்கியிருக்கும். நெஞ்சுச் சளி எடுப்பம்.”

சரிதான். முதல் மூன்று நாலு நாளைக்கு மூக்கும் தொண்டையும் போதும். குச்சியை உள்ளே விட்டு, சுழற்றி, வைரஸைக் காக்கிற ரோஸ் நிற மருந்துத் தண்ணீருக்குள் முறித்துப் போட்டால் வேலை முடிந்தது. பிறகு வைரஸ் கீழே போய்விடும். மூக்கு சுத்தமாக இருக்கும், நெஞ்சு எரிந்துகொண்டிருக்கும். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விசயம். ஆனால் சளி எல்லோருக்கும் வராது. போன மாதம் இவருக்கு வறட்டு இருமல், ஒரு சொட்டுக்கூட வரவில்லை. தொண்டைக்குள் குழாய் போட்ட பிறகுதான் உறிஞ்சி எடுத்தார்கள். அது லேபுக்கு வந்து சேரும்போது இவர் இல்லை. பாஹிமா வாங்கி மைனஸ் எண்பது குளிர்ப்பெட்டியில் வைத்தாள். இறந்தவரின் மாதிரியைச் செய்து பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அங்கேயே இருக்கிறது.

மத்தியானம் மீன்பிடிகாரரின் சளி வந்தது. போத்தல் நிறைய, சிவப்பு. நான் இரத்தம் என்று நினைத்துவிட்டேன். பாஹிமா தூக்கிப் பார்த்தாள். வெற்றிலைச் சாறு. புகையிலைத் தண்டு ஒன்று வேறு மிதந்தது.

“மறுகா சுண்ணாம்பும் அனுப்பச் சொல்லுவம் அக்கா. நாமளும் ஒரு வாய் போடலாம்.”

வோர்ட்டுக்குப் போனேன். பெண்சாதி கட்டிலடியில். முந்தானையில் வெற்றிலை முடிச்சு.

“அவருக்கு வெத்தில இல்லாட்டி வாய் கூடாது மிஸ். மாஸ்க்கத் தூக்கி ஒரு வாய்தான் குடுத்தன்.”

ஒட்சிசன் மாஸ்க்கைத் தூக்கி! ஏசினேன். நன்றாக ஏசினேன். இது துப்பல், சளி இல்லை, துப்பலில் நோய் தெரியாது, நாளைக்கு விடிய வாய் கொப்பளித்து, வெற்றிலை படாமல், அடி நெஞ்சில் இருந்து இருமி எடுக்க வேண்டும். அந்த மனுசி பயந்து முடிச்சை என் கையிலேயே தந்துவிட்டது. ஒரு நாள் வீண்.

பின்னேரம் தர்ஷியின் போன் கோல். மகள், வந்தாறுமூலைக் கம்பஸில் இரண்டாம் வருடம், ஹொஸ்டலில் இருக்கிறாள்.

“அம்மா, இண்டைக்கு வைரஸ் லெக்சர். எந்த நோய்க்கு எந்தச் சாம்பிள் எடுக்கிற எண்டு படிப்பிச்சாங்க.”

“ஓம்.”

“அப்பாக்கு மூக்கில மட்டுந்தானே எடுத்த?”

“சாப்பிட்டயா மகள்?”

“அம்மா, அப்ப அந்த நெகட்டிவ்…”

மழையில் சத்தம் விளங்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகத்தான் விளங்கியது.

இவர் படுக்க முதல் அவள்தான் காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தாள். மூன்று நாளில் சுகம். அதற்குப் பிறகு இவர் இருமத் தொடங்கினார். வயலுக்குப் பசளை எறிகிற நேரம், வட்டையை விட்டு வர மாட்டேன் என்று நின்று, மூச்சு முட்டிய பிறகுதான் ஆசுப்பத்திரி. செத்த வீட்டில் தர்ஷி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “ரிப்போர்ட் நெகட்டிவ்தானே அம்மா?” ஓம் என்றேன். பிறகுதான் தண்ணீர் குடித்தாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பக் கம்பஸ் போனாள்.

ஜனவரி 14, புதன்

தூறல்.

விடிய எடுத்த சளி வந்தது. தடிப்பு, பச்சை, உண்மையான சளி. பொசிட்டிவ். இன்ஃபுளுவென்சா ஏ. மூக்கில் இல்லாதது நெஞ்சில் இருந்தது. VP உடனே மருந்தை மாற்றி, ஆளைத் தனி அறைக்கு அனுப்பினார். பெண்சாதி என்னைக் கண்டு கும்பிட்டது. வெற்றிலை முடிச்சைத் திருப்பிக் கொடுக்க மறந்துபோனேன்.

பிறகு VP: “எடுத்து வச்ச நெஞ்சுச் சளி எல்லாத்தையும் ஒருக்காப் போட்டுப் பாப்பம். எத்தினையைத் தவற விட்டிருக்கிறம் எண்டு தெரியவேணும். ஆர் ஆர்ட இருக்கு?”

பாஹிமா என்னைப் பார்த்தாள். VP அவளைப் பார்த்தார். பிறகு அவருக்கும் நினைவு வந்துவிட்டது. பாவம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீங்க தொட வேணாம். பாஹிமா செய்யட்டும்.”

“நான் செய்யிறன் சேர். வெள்ளிக்கிழமை.”

ஏன் அப்படிச் சொன்னேன்? இரண்டு முறை நான்தானே போட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

வெயில். பொங்கல். எங்கள் வீட்டில் இல்லை, ஒரு வருடத்துக்கு இல்லை. பக்கத்து வீட்டு ராணியக்கா மதிலுக்கு மேலால் பொங்கிய புக்கை தந்தாள். நின்றபடியே தின்றேன். தெரு முழுக்க வெடி.

தர்ஷி வரவில்லை. படிக்க இருக்காம். எனக்குத் தெரியும் ஏன் என்று. நேற்றிரவு திரும்பக் கேட்டாள்; அப்பாவின் நெஞ்சுச் சளி இருக்கிறது, வெள்ளிக்கிழமை செய்வேன் என்று சொல்லியிருந்தேன்.

இல்லை என்று சொல்லிவிடலாம். நெஞ்சிலும் பார்த்தோம், இல்லை. அவள் லேபுக்கு வந்து பார்க்கவா போகிறாள்? சாம்பிள் பழுதாகிவிட்டது என்றும் சொல்லலாம், இரண்டு தரம் கரண்ட் போனது உண்மை. இவருக்கு இனி இதில் ஒன்றும் இல்லை. பிள்ளைதான் இருக்கிறாள், இன்னும் ஐம்பது அறுபது வருடம் இதைச் சுமக்க.

உண்மையிலேயே இல்லாமலும் இருக்கலாம். அப்படி இருந்தால் நல்லது.

உடுப்புத் தோய்த்தேன். இவருடைய சாரம் இரண்டு, அழுக்கே இல்லாதவை, அவற்றையும் தோய்த்தேன்.

ஜனவரி 16, வெள்ளி

வெயில். வாவி இன்னும் கலங்கல்.

செய்தேன்.

குளிர்ப்பெட்டியில் இருந்து எடுத்தால் வெள்ளைக் கட்டி. உருக உருக மஞ்சள், கொஞ்சம் இரத்தக் கலர். நூல் மாதிரி இழுபட்டது. நெஞ்சுச் சளியை அப்படியே போடக்கூடாது, மெசினுக்குள் போகாது. நீர்க்க வைக்கிற மருந்து விட்டு, குலுக்கி, வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். இவருடைய நெஞ்சுக்குள் இருந்தது இது. இரண்டு கையுறைக்கு மேலாலும் குளிர் தெரிந்தது. மற்ற டியூப்களோடு சேர்த்து வரிசையில் வைத்தேன். பெயர் இல்லை, நம்பர்தான்.

பாஹிமா கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தாள். ஒரு பகிடிகூட விடவில்லை. வாய்க்குள் ஏதோ ஓதினாள்.

மெசின் திரையில் இவருடைய கோடு எழும்பியது. நேரத்தோடு, நல்ல உயரத்துக்கு. பொசிட்டிவ், ஏ.

பாஹிமா அழுதாள். நான் ரிப்போர்ட் அடித்தேன். கையொப்பம் வைத்தேன். பேனை எழுதவில்லை, வேறு பேனை எடுத்தேன்.

திரும்பும் வழியில் ஆறாம் வோர்ட். மீன்பிடிகாரருக்கு ஒட்சிசன் குறைத்திருக்கிறார்கள். எழும்பி இருந்து பெண்சாதியோடு சண்டை, வெற்றிலை தரவில்லையாம். பொறாமையாக இருந்தது. அந்த மனுசியைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஒரு மாதத்தில் எனக்கு உண்டான ஒரே உணர்ச்சி இதுதான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

தர்ஷிக்கு மெசேஜ்: நாளைக்கு வா.

ஜனவரி 17, சனி

வெக்கை. மீன் வாங்கவில்லை. கத்தரிக்காய்.

பகல் பஸ்ஸில் வந்தாள். முகத்தில் மாஸ்க். வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. செத்த வீட்டுக்குப் பிறகு என் முன்னால் மாஸ்க் இல்லாமல் இருக்கவே மாட்டாள். சாப்பாட்டைக்கூட அறைக்குள் கொண்டுபோவாள்.

“செஞ்சிட்டீங்களா?”

“ஓம்.”

“என்ன?”

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் கண்ணைப் பார்த்தேன், மாஸ்க்குக்கு மேலே அது மட்டும்தான் தெரிந்தது. இவருடைய கண். பொய் சொல்ல ஏலவில்லை.

“இரிக்கு,” என்றேன்.

“ஃப்ளூ ஏ?”

“ஓம்.”

“அப்ப நான்தான்.”

இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர்கள் இருப்பார்கள். எனக்குத் தெரியாது. எல்லா வீட்டிலும் இருந்த காய்ச்சல் என்றேன். கடைக்குப் போனவர், வட்டையில் ஆட்களோடு நின்றவர் என்றேன். அவள் கேட்கவே இல்லை. சுவரைப் பார்த்துப் பேசினாள்.

“பஸ்ஸில வாறன் எண்டுதான் சொன்னன் அம்மா. கேக்கல்ல. பாக்கிறன், ஹொஸ்டல் கேட்டில மோட்டசைக்கிளோட நிக்கிறார். ஏறாவூர் தாண்ட மழை. ரெயின்கோட்டைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டிட்டார்.”

“ஓம். நனைஞ்சுபோய்த்தான் வந்தவர்.”

“எனக்கு ஒரே இருமல். தொத்திரும் எண்டு முகத்தை அங்கால திருப்பிக்கொண்டுதான் வந்தன். சத்தியமா அம்மா. அவர்தான் ஒரு கையைப் பின்னால விட்டு என்ட தலையைப் பிடிச்சு இழுத்து முதுகில வச்சார். ‘நித்திர தூங்கி விழுந்திருவாய், சாஞ்சு படு மகள்’ எண்டார். மறுகா நான் படுத்திட்டன். வீடு வரும்வரைக்கும் படுத்திட்டன்.”

இது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

“நீ பஸ்ஸில வா எண்டு விட்டிருப்பாரா?” என்று கேட்டேன்.

யோசித்தாள். “ம்ஹும். ஏறியிருந்தாலும் பஸ்ஸுக்குப் பின்னாலயே வந்திருப்பார்.”

அப்படியே செய்திருப்பார், ஹோர்ன் அடித்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. பிறகு அவளுடைய சிரிப்பு உடைந்து, அவள் கத்தி அழுதாள், செத்த வீட்டில் அழாத அழுகை. மாஸ்க் நனைந்து மூக்கோடு ஒட்டிவிட்டது. நான்தான் கழற்றினேன். கழற்றும்போது எனக்கும் அழுகை வந்துவிட்டது. ராணியக்கா மதிலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சோறு ஆறிவிட்டது. சூடாக்கவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

வெயில். பல்ப் மாட்டினேன். தலையிடி, கண் வீக்கம்.

தர்ஷி விடிய என் பக்கத்தில் வந்து படுத்தாள். மாஸ்க் இல்லை. கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

“அம்மா, அப்பாட அந்தச் சளியில மிச்சம் இரிக்கா?”

“கொஞ்சம்.”

“என்ன செய்வீங்க?”

“அவிச்சு எறியிற. வைரஸ் இரிக்கிற சாமான், வச்சிருக்க ஏலா.”

“எப்ப?”

“நாளைக்கு.”

“நானும் வரட்டா?”

“லேபுக்குள்ள விடமாட்டாங்க பிள்ள.”

“வாசலில நிக்கிறன்.”